குளூட்டன் கூடாதவர்கள் ஸ்டேக்ஹவுஸில் சாப்பிடுவது எப்படி?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எப்படியும் ஒருநாள் வரும். ப்ராஜெக்ட் முடிந்தது, மேனேஜர் எல்லாரையும் சாப்பிடக் கூட்டிப் போகிறார், இடம் ஸ்டேக்ஹவுஸ். உங்களுக்கோ சமீபத்தில்தான் டாக்டர் சீலியாக் என்று சொல்லியிருக்கிறார். குளூட்டன் என்ற புரதம் இருக்கிற கோதுமை, பார்லி, ரை மூன்றையும் இனி தொடக்கூடாது. வீட்டில் சோறு, இட்லி, தோசை என்று ஓட்டிவிடலாம். வெளியே?

ஸ்டேக்ஹவுஸ் என்றதும் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பீட்சாக் கடையில் காற்றிலேயே மாவு பறக்கும். சீனச் சாப்பாட்டுக் கடையில் சோயா சாஸ் இல்லாத சட்டியே இருக்காது. இங்கே அப்படி இல்லை. ஒரு துண்டு இறைச்சி, உப்பு, மிளகு, நெருப்பு, அவ்வளவுதான் அடிப்படை. ஒவ்வொரு துண்டையும் கேட்டவருக்காகத் தனியாகச் சுடுகிறார்கள். அதனால் "இதைப் போடாதீர்கள், அங்கே வைக்காதீர்கள்" என்று நடுவில் புகுந்து சொல்ல இடம் இருக்கிறது. இறைச்சியில் குளூட்டன் கிடையாது. ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் தட்டுக்கு வருகிற வழியில்தான் அது ஒட்டிக்கொள்கிறது. அந்த வழியில் யார் யார் கை படுகிறது, எதன் மேல் வைக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் இதே கணக்குதான். சால்மன், கோழி, லேம்ப் சாப்ஸ் எல்லாம் அதே அடுப்பில்தான் வேகின்றன. சைவம் என்றால் கஷ்டம்தான். உருளைக்கிழங்கும் சாலடும் சாப்பிட்டுவிட்டு வீட்டில் வந்து தயிர்சாதம் பிசைந்துகொள்ள வேண்டியதுதான்.

உங்களுக்கு இருப்பது எது?

சர்வர் கேட்கும் முதல் கேள்வியே "அலர்ஜியா, இல்லை விருப்பமா?" என்பதுதான். அதற்குத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

சீலியாக் என்பது அலர்ஜி அல்ல. குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிற நோய் அது. ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு உண்டு. கோதுமை அலர்ஜி வேறு. அதில் தொண்டை வீங்கி மூச்சடைக்கிற அளவுக்குப் போகலாம், எபிநெஃப்ரின் ஊசி கூடவே இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, தலை வலிக்கிறது என்பவர்கள் மூன்றாவது ரகம். பரிசோதனை செய்யாமலேயே கோதுமையை நிறுத்தியவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்தின பிறகு ரத்தம் எடுத்தால் சீலியாக் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

சீலியாக்காரர்கள் "கொஞ்சூண்டு பட்டால் என்ன?" என்று தங்களையே சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களின் குடல் பழுதாவது தெரிந்தது. ஒரு ஸ்லைஸ் ரொட்டியிலேயே 2 கிராமுக்கு மேல் இருக்கும். அப்படியென்றால் 50 மில்லிகிராம் என்பது விரல் நுனியில் ஒட்டுகிற துணுக்குதான்.

இந்தக் கட்டுரை சீலியாக் உள்ளவரை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய அளவுக்குத் தளர்த்திக்கொள்ளலாம்.

போவதற்கு முன்

கடையின் இணையதளத்தில் மெனு இருக்கும், பெரிய சங்கிலிக் கடைகளில் அலர்ஜன் பட்டியலும் இருக்கும். அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 2013-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ கொண்டுவந்த விதிப்படி, பாக்கெட்டில் குளூட்டன் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் உள்ளே இருப்பது பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். அது பாக்கெட்டுக்கு எழுதிய விதி. உணவகத் தட்டை அளந்து பார்க்க யாரும் வருவதில்லை. பல கடைகள் இப்போது "குளூட்டன் ஃப்ரெண்ட்லி" என்று போடுகின்றன. எங்கள் செய்முறையில் மாவு சேர்க்கவில்லை, ஆனால் அடுப்படிக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பதுதான் அதற்குள் இருக்கிற செய்தி.

2019-ல் வந்த ஓர் ஆய்வு இதைப் புட்டுப்புட்டு வைத்தது. குளூட்டனைக் கண்டறியும் கையடக்கக் கருவி வைத்திருந்த நூற்றுக்கணக்கானவர்கள் 18 மாதங்களில் உணவகச் சாப்பாட்டில் செய்த 5,600-க்கும் அதிகமான சோதனைகளை நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். குளூட்டன் இல்லை என்று சொல்லி விற்ற உணவில் 32 சதவீதத்தில் குளூட்டன் தென்பட்டது. பீட்சாவும் பாஸ்தாவும் பாதிக்குப் பாதி. காலைச் சாப்பாட்டை விட இரவுச் சாப்பாட்டில் அதிகம். சந்தேகப்பட்ட தட்டைத்தான் பலர் சோதித்திருப்பார்கள், அதனால் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே வந்திருக்கலாம். ஆனாலும் இரவில் கூட்டம் நெரியும்போது அடுப்படி தடுமாறும் என்பதைச் சொல்ல ஆய்வுகூடத் தேவையில்லை.

ஆகவே சீக்கிரம் போங்கள். வார நாளில் சாயங்காலம் ஐந்து, ஐந்தரை சரியான நேரம். கிரில் அப்போதுதான் சூடாகியிருக்கும், சமைப்பவருக்கும் உங்கள் பேச்சைக் கேட்கப் பொறுமை இருக்கும். காதலர் தினம், அன்னையர் தினம் மாதிரி நாட்களில் இந்தச் சோதனையே வேண்டாம்.

முந்தின நாளே போன் செய்யுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் செய்தால் மேனேஜர் கிடைப்பார். போனை எடுக்கும் பிள்ளையிடம் "குளூட்டன் ஃப்ரீ இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு மதிப்பு இல்லை. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். இறைச்சியை முன்கூட்டியே மாரினேட் செய்து வைக்கிறீர்களா? கிரில்லில் பன் சுடுவீர்களா? எனக்குச் சுத்தமான வாணலியிலோ ஃபாயில் மேலோ சமைக்க முடியுமா? ஃப்ரைஸுக்கு என்று தனி ஃப்ரையர் உண்டா? இந்த நான்கு போதும். மேனேஜர் டக்கென்று பதில் சொன்னாலோ, "இருங்கள், செஃபிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றாலோ நல்ல இடம். "எங்களிடம் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆனதில்லை" என்றால் வேறு கடை பாருங்கள்.

அலுவலக விருந்தில் கடையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாதுதான். ஆனால் ஏற்பாடு செய்பவரிடம் நாலு நாள் முன்பே ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். முன்பதிவுக் குறிப்பில் சீலியாக் என்று சேர்த்துவிடுவார். மேசையில் எல்லார் முன்னாலும் முதலிலிருந்து விளக்குகிற சங்கடம் குறையும்.

உட்காரும்போதே ரொட்டி வரும்

அமெரிக்க ஸ்டேக்ஹவுஸின் பழக்கம் இது. டெக்சஸ் ரோட்ஹவுஸில் உங்களை மேசைக்குக் கூட்டிப் போகிறவரே ஒரு கையில் சுடச்சுட ரோல் கூடையும் இலவங்கப்பட்டை வாசனையோடு வெண்ணெயும் கொண்டு வந்து வைத்துவிடுவார். (பெயரில்தான் டெக்சஸ். 1993-ல் தொடங்கியது இண்டியானா மாநிலத்தில்.) கூடையை வைத்த நொடியிலிருந்து கைகள் நீளும், துணுக்குகள் சிந்தும், ரொட்டியைத் தொட்ட கத்தி வெண்ணெய்க்குள் போகும்.

தனியாகவோ குடும்பத்தோடோ போனால் கூடையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பத்துப் பேர் மேசையில் அப்படிச் சொல்ல முடியாது. ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள், கூடை மறு ஓரத்தில் இருக்கட்டும். உங்களுக்குத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வெண்ணெய் கேளுங்கள். மேசையில் பரப்பி வைத்த கத்தி, ஃபோர்க் மேல் துணுக்கு விழுந்திருந்தால் புதிதாக ஒரு செட் வாங்குங்கள். தட்டில் கைவைக்கும் முன் கையைக் கழுவுங்கள். சானிடைசர் கிருமிக்குத்தான், குளூட்டனை அது ஒன்றும் செய்யாது.

சர்வரிடம் பேசுவது

சுருக்கமாகப் பேசுங்கள். "எனக்கு சீலியாக். கோதுமை, பார்லி, ரை துளிகூட ஆகாது. பக்கத்தில் வைத்துச் சமைத்ததும் ஆகாது. இதை ஆர்டரில் அலர்ஜி என்று குறிப்பீர்களா? செஃபிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா?" இவ்வளவுதான். சீலியாக் அலர்ஜி இல்லை என்று மேலே நானே சொன்னேன். ஆனால் அடுப்படிக்குப் போகும் சீட்டில் கனமாக விழுகிற சொல் அலர்ஜிதான், அங்கே மருத்துவ வகுப்பு எடுக்க வேண்டாம். "க்ராஸ் கான்டாக்ட்", அதாவது வேறு உணவிலிருந்து குளூட்டன் வந்து ஒட்டுவது, என்ற சொல்லையும் பயன்படுத்துங்கள். பயிற்சி எடுத்த சர்வர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. வந்த இடத்தில் இவ்வளவு கேட்டால் என்ன நினைப்பார்கள், இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று தோன்றும். வேண்டாம். அமெரிக்க உணவகத்தில் சாலடில் வெங்காயம் வேண்டாம், சாஸ் தனியாக வேண்டும் என்று எல்லாரும் பத்துத் திருத்தம் சொல்லித்தான் ஆர்டர் செய்கிறார்கள். சர்வருக்கு இது தினசரி வேலை. சிரித்த முகமாக, உறுதியாகச் சொல்லுங்கள்.

சர்வர் குழப்பமாக விழித்தால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சில நல்ல கடைகளில் அலர்ஜி ஆர்டர் என்றால் மேனேஜரே தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.

இறைச்சி வரும் வழி

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தத் துண்டு? ரிப்ஐ, நியூயார்க் ஸ்ட்ரிப், ஃபிலே, டி-போன், போர்ட்டர்ஹவுஸ் மாதிரி முழுத் துண்டுகள் பெரும்பாலும் வெறும் இறைச்சியாகவே ஃப்ரிட்ஜில் இருக்கும். ஸ்கர்ட் ஸ்டேக், ஸ்டேக் டிப்ஸ், கபாப் துண்டுகள் மேல் கவனம் வேண்டும். இவை மெதுவாவதற்காகச் சாஸில் ஊறியபடியே கிடக்கும், அந்தச் சாஸில் அநேகமாகச் சோயா இருக்கும். சோயா சாஸ் என்றால் சோயா மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான சோயா சாஸில் கோதுமையும் பாதி. டெரியாக்கி, பர்பன் கிளேஸ் என்று பெயர் இருந்தாலும் அதே சந்தேகம்தான். சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக் என்பது கோழி இல்லை, மாவில் புரட்டிப் பொரித்த மாட்டிறைச்சி. பக்கமே போகாதீர்கள்.

பிரைம் ரிப் தனிக்கதை. அதைக் கிரில்லில் சுடுவதில்லை. பெரிய பாளமாக மணிக்கணக்கில் மெல்ல ரோஸ்ட் செய்து, ஆர்டர் வரும்போது அறுத்துக் கொடுப்பார்கள். உள்ளே ரோஸ் நிறத்தில் இருக்கும். நன்றாக வெந்தது வேண்டும் என்று நம்மைப் போல யாராவது கேட்டால், பல அடுப்படிகளில் அந்தத் துண்டைக் கொதிக்கிற 'ஓ ஜூ' என்ற இறைச்சிச் சாறில் முக்கி எடுத்து நிறம் மாற்றுவார்கள். அந்தச் சாறு பாக்கெட் தூளிலோ பேஸ்ட்டிலோ கரைத்ததாக இருந்தால் அதில் கோதுமை இருக்கலாம். மெனுவில் பிரைம் ரிப்புக்கு நேரே குளூட்டன் ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் சாறைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது சீசனிங். பெருங்காயத் தூளில் மைதா கலந்து வருவது தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டேக் மேல் தூவும் மசாலா சில கடைகளில் வெறும் உப்பு, மிளகு, பூண்டுத் தூள். சில கடைகளில் கட்டி பிடிக்காமல் இருக்கவும் மேலே மொறுமொறுப்பு வரவும் மாவு சேர்த்த கலவை. கேட்டால் டப்பாவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். லேபிளைப் படிக்கும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: 2004-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி கோதுமை இருந்தால் சொல்லியாக வேண்டும், பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கோதுமை என்ற சொல் இல்லையே என்று விட்டுவிடாமல் மால்ட் (பெரும்பாலும் முளைகட்டிய பார்லி), பார்லி என்று கண்ணில் படுகிறதா என்றும் பாருங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் "உப்பும் மிளகும் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல ரிப்ஐக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையும் இல்லை.

பிறகு அடுப்பு. இரண்டு வகை உண்டு. விலை கூடின கடைகளில் மேலிருந்து தணல் இறங்கும் பிராய்லர் இருக்கும். ரூத்ஸ் கிறிஸ் கடைக்காரர்கள் 1,800 டிகிரி ஃபாரன்ஹீட் என்று விளம்பரமே செய்கிறார்கள். இந்த பிராய்லருக்குள் பெரும்பாலும் இறைச்சி மட்டும்தான் போகும். குடும்பங்கள் போகிற சங்கிலிக் கடைகளில் கம்பி கிரில்லும் தட்டையான இரும்புக் கல்லும் இருக்கும். அதே இடத்தில் பர்கர் பன் வாட்டுவார்கள், டெரியாக்கி கோழி சொட்டும், ரொட்டித்தூள் போட்ட மீன் வேகும். "அவ்வளவு சூட்டில் எல்லாம் எரிந்துவிடும்" என்று சர்வர் சொல்வார். கிருமி சாகும், குளூட்டன் கிருமி இல்லை. அது புரதம், சமையல் சூட்டில் அது ஒழிந்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. தேய்த்துக் கழுவினால்தான் போகும். அதனால் கிரில் உள்ள கடையில் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள்: கழுவின வாணலி, கம்பி மேல் விரித்த ஃபாயில், அல்லது பன் எதுவும் வைக்காத ஓரத்தைச் சுரண்டித் தேய்த்த பிறகு சமைப்பது. வாணலியில் வெந்தால் கிரில் கோடுகள் விழாது, கரி வாசமும் குறையும். பரவாயில்லை, ஓர் ஓரத்தில் வெண்ணெய் போட்டுச் சிவக்க வறுத்த ஸ்டேக் ஒன்றும் சோடை போகாது.

இடுக்கியையும் மறக்கக் கூடாது. சுத்தமான வாணலியில் சமைத்துவிட்டு, பன்னைப் புரட்டின இடுக்கியால் எடுத்து, சான்ட்விச் வெட்டின பலகையில் வைத்தால் எல்லாம் வீண். கடைசியில் மேலே தடவும் வெண்ணெய்ப் பிரஷும் அப்படித்தான், ரொட்டி மேலும் அதே பிரஷ் போகலாம். "புது இடுக்கி, புதுத் தட்டு, வெண்ணெய் தனிக் கிண்ணத்தில்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

எவ்வளவு வேக வேண்டும் என்பதை முதலிலேயே சரியாகச் சொல்லுங்கள். இதற்கும் குளூட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இருக்கிறது. மீடியம் ரேர் என்றால் உள்ளே 130 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட், நடுப்பகுதி சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்கும். மீடியம் என்றால் இளஞ்சிவப்பு. மீடியம் வெல் என்றால் சன்னமாக ஒரு கோடு அளவுக்குத்தான் நிறம் தெரியும். வெல் டன் என்றால் 160-க்கு மேல், முழுப் பழுப்பு. சிவப்பைப் பார்த்து முகம் சுளித்துத் தட்டைத் திருப்பி அனுப்பினீர்கள் என்றால், அந்த இரண்டாவது பயணத்தில் அலர்ஜிச் சீட்டு கூடப் போகாது. அவசரத்தில் காலியாக இருக்கிற ஏதோ ஒரு கம்பியில் இரண்டு நிமிடம் போட்டுத் தருவார்கள். திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் "அதே வாணலியில்" என்று மறுபடி சொல்லுங்கள்.

சாஸ் விஷயம் சின்னது. பெர்னேஸ் முட்டைக்கருவும் வெண்ணெயும், சிமிசுரி எண்ணெயும் கொத்தமல்லி வகைத் தழையும். இரண்டும் வழக்கமாக மாவில்லாதவை. பெப்பர்கார்ன் சாஸ், காளான் சாஸ், கிரேவி எல்லாம் மாவு வறுத்துக் கெட்டியாக்கியதாக இருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸில் ஒரு வேடிக்கை: லீ அண்ட் பெரின்ஸ் அமெரிக்காவில் விற்பதில் பார்லி இல்லை, இங்கிலாந்தில் விற்பதில் பார்லி மால்ட் வினிகர் உண்டு. லண்டன் போகிறவர்கள் கவனிக்கவும்.

கூட வருபவை

தோலோடு சுட்ட உருளைக்கிழங்குதான் உங்கள் கூட்டாளி. எண்ணெயும் உப்பும் தடவி ஓவனில் வைத்தது, பல கடைகளில் ஃபாயிலில் சுற்றியே வரும், வேறு எதுவும் தொட வழியில்லை. வெண்ணெய், சவர் கிரீம், வெங்காயத்தாள் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அப்படியே.

ஃப்ரைஸைத் தொடும் முன் ஃப்ரையரைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். முழு வெங்காயத்தைப் பூ மாதிரி அரிந்து, மாவில் புரட்டிப் பொரிக்கிற ப்ளூமின் ஆனியன் அவுட்பேக் கடையின் அடையாளம். (பெயரும் சுவரும் ஆஸ்திரேலியா, 1988-ல் பிறந்தது ஃபுளோரிடாவின் டாம்பாவில்.) எந்தக் கடையானாலும் அப்படி ஒன்று மெனுவில் இருக்கிறது என்றால் எண்ணெயில் மாவு மிதக்கிறது என்று அர்த்தம். அதே எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு உங்களுக்கு ஆகாது. தனி ஃப்ரையர் இருந்தாலும் ஃப்ரைஸ் மேலேயே மொறுமொறுப்புக்காகக் கோதுமை மாவுப் பூச்சு இருக்கிறதா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

நம்மாட்கள் ஏமாறுகிற இடம் சோறு. மெனுவில் ரைஸ் பிலாஃப் என்று பார்த்ததும் அப்பாடா என்று கை போகும். பிலாஃபில் அரிசியோடு ஓர்சோ கலந்திருப்பார்கள். ஓர்சோ என்பது அரிசி வடிவத்தில் செய்த கோதுமை பாஸ்தா. வெந்த பிறகு வெண்ணெயில் பளபளத்துக்கொண்டு, கொஞ்சம் நீளமான பொன்னி அரிசி மாதிரியே கிடக்கும், நாக்கில் பட்டால்கூட உடனே பிடிபடாது. சிலர் சேமியாவை ஒடித்துப் போட்டு வறுப்பதும் உண்டு. சோறு என்பதாலேயே நம்பிவிட வேண்டாம்.

சாலடில் க்ரூட்டான் என்ற வறுத்த ரொட்டித் துண்டு இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் போதாது. ஏற்கெனவே கலந்து வைத்ததிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். கழுவின கிண்ணத்தில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், மேலே எண்ணெயும் வினிகரும். வேகவைத்த பிராக்கோலி பாஸ்தா கொதித்த தண்ணீரில் வெந்ததா என்று கேளுங்கள், இது நிஜமாகவே நடக்கிற விஷயம். க்ரீம்டு ஸ்பினச், மாக் அண்ட் சீஸ், வெங்காய சூப், லாப்ஸ்டர் பிஸ்க், கிராப் கேக் எதுவும் வேண்டாம். மசித்த உருளைக்கிழங்கு சாப்பிடலாம், தூளிலிருந்து கரைத்ததாக இல்லாமல் மேலே கிரேவி ஊற்றாமல் வந்தால்.

பிரேசில் வகை, ஜப்பான் வகை

ஸ்டேக்ஹவுஸ் என்ற பெயரில் இன்னும் இரண்டு ரகம் உண்டு. ஃபோகோ டி சாவ் மாதிரியான பிரேசில் கடைகளில் சர்வர்கள் நீளக் கம்பியில் கோத்த இறைச்சியோடு மேசை மேசையாக வருவார்கள். பச்சை அட்டை மேலே இருந்தால் வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், சிவப்பைத் திருப்பினால் நிறுத்துவார்கள். பிக்கான்யா எனப்படும் மாட்டின் பின்பக்கத்து மேல்துண்டுக்குக் கல்லுப்பு மட்டும்தான். மேசைக்கு வரும் பாவ் டி கேஜோ என்ற சீஸ் உருண்டைகள் மரவள்ளி மாவில் செய்தவை. ரொட்டிக் கூடைக்கு ஏங்குகிறவர்களுக்கு இது கொடுத்துவைத்த இடம், அந்தக் கடையில் மாவு கலக்கவில்லை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சாசேஜைத் தவிருங்கள். சில இடங்களில் கோழிக்காலைப் பீரில் ஊறவைப்பார்கள், அதையும். எல்லாக் கம்பிக்கும் ஒரே கத்தி போகலாம், ஆகவே வந்ததுமே மேனேஜரிடம் சொல்லி, உங்களுக்குப் பிக்கான்யாவை அடுப்படியிலிருந்தே தனியாக வெட்டிக் கொண்டுவரச் சொல்லலாம்.

கண்ணெதிரே கல்லில் வேடிக்கை காட்டிச் சமைக்கிற ஜப்பான் ஹிபாச்சி கடைக்குப் போகாதீர்கள். எட்டுப் பேருக்கு ஒரே கல், அதன் மேல் சோயா சாஸ் மழை. கோதுமை சேர்க்காத தாமரி சோயா சாஸை நீங்களே கொண்டுபோனாலும் பயனில்லை.

குடிக்க, கடைசியில் இனிப்பு

பீர் வேண்டாம். குளூட்டன் நீக்கியது என்று சொல்லிப் பார்லியில் செய்யும் பீரும் வேண்டாம், அரிசியிலோ சோளத்திலோ செய்தது இருந்தால் பார்க்கலாம். ஒயின் சரி. விஸ்கி தானியத்தில் செய்தாலும் காய்ச்சி வடிக்கும்போது புரதம் பின்தங்கிவிடும், பிறகு மால்ட் சுவையோ வேறு எதுவோ சேர்க்காத வரை சரி. ப்ளடி மேரியில் வூஸ்டர்ஷயர் உண்டு. இனிப்பில் க்ரெம் ப்ரூலேயோ மாவில்லாத சாக்லேட் கேக்கோ இருந்தால் கேட்டுச் சாப்பிடலாம். சீஸ்கேக்கின் அடித்தட்டு பிஸ்கட். ஐஸ்கிரீம் என்றால் கழுவின கரண்டியால் புது டப்பாவிலிருந்து.

தட்டு வந்த பிறகு

எடுத்தவுடன் வாயில் வைக்காதீர்கள். "இது குளூட்டன் ஆகாதவருக்குச் செய்ததுதானே?" என்று ஒருமுறை கேளுங்கள். தட்டைக் கொண்டு வருபவர் பல கடைகளில் உங்கள் சர்வரே அல்ல, அவருக்கு எதுவும் தெரியாது. மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கேட்காமலேயே அழகுக்காக ஸ்டேக் மேல் நூல் நூலாகப் பொரித்த வெங்காயம் வைக்கிற கடைகள் உண்டு, அது மாவில் புரட்டியது. எங்கள் வீட்டில் சீலியாக் உள்ளவருக்கு ஒரு கடையில் அப்படித்தான் வந்தது. சொன்னதும் சர்வர் தட்டை வாங்கிக்கொண்டு போனார், இரண்டே நிமிடத்தில் வெங்காயம் இல்லாமல் திரும்பி வந்தது. இறைச்சியின் ஓரத்தில் பொன்னிறமாக ஓர் இழை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து நாங்கள் செய்வது இதுதான்: தப்பான தட்டை மேசையிலேயே வைத்துக்கொள்கிறோம். புதியது வந்த பிறகுதான் பழையதை எடுத்துப் போகலாம். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை. "இது இங்கேயே இருக்கட்டும், புதிதாக ஒன்று செய்து தருகிறீர்களா?" என்றால் அவர்களுக்கே புரிந்துவிடும்.

சாப்பிட்ட பிறகு தெரிய வந்தால் மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. கடையில் விற்கும் என்சைம் மாத்திரைகளை நம்பி சீலியாக்காரர் குளூட்டன் சாப்பிடக் கூடாது. தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல், ஓய்வு, இரண்டு நாள் கஞ்சி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். கோதுமை அலர்ஜிக்காரருக்கு மூச்சுத் திணறினால் ஊசியைப் போட்டுவிட்டு உடனே 911. மறுநாள் கடைக்கும் போன் செய்து சொல்லுங்கள். திட்டுவதற்கு இல்லை, எந்தத் தட்டில் எங்கே பிசகியது என்று அவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

மீதி இருந்தால் டப்பாவை மேசைக்கே கொண்டுவரச் சொல்லி நீங்களே எடுத்து வையுங்கள். உள்ளே கொண்டுபோனால் ரொட்டி வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில்தான் பொதிவார்கள். டிப்ஸ் வழக்கமாக 18 முதல் 20 சதவீதம். உங்களுக்காக இரண்டு முறை அடுப்படிக்கு நடந்த சர்வருக்குக் கொஞ்சம் சேர்த்தே வையுங்கள், பெயரையும் கேட்டுப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முன்பதிவு செய்யும்போது அவருடைய மேசையையே கேட்கலாம்.